அண்டாத் தண்ணீரில் கல்யாணப் பொருத்தம்

1926இல் ரப்பர் விலை உச்சியில் நின்றது. கூலிக்காரர் கையிலும் நாலு காசு புரண்டது. காசு புரளும் இடத்தை மோப்பம் பிடிப்பதில் எலியை மிஞ்சிய ஆட்கள் உண்டு. அப்படி ஒருவர் காவி கட்டிக்கொண்டு, மலாயாவின் ஈப்போ நகரை ஒட்டிய புந்தோங்கில் அத்தாப்பு ஓலைக் கொட்டகை போட்டு உட்கார்ந்தார். பெயர் தணல்சாமி.

வெள்ளிக்கிழமை ஆனால் லகாட் பக்கத்துத் தோட்டங்களில் கூலிக்காரர் குடியிருக்கும் லயங்கள் காலியாகிவிடும். மாட்டுவண்டி, பஸ், நடை என்று கூட்டம் ஈப்போவை நோக்கிப் பாயும். மாதா கோயிலுக்குப் போகும் கஸ்பார்கூட ஜெபமாலையைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு, மகளோடு வரிசையில் நின்றார்.

சாமியார் செய்தது கல்யாணப் பொருத்தம் பார்க்கும் வேலை. அதிலும் கெட்டிக்காரத்தனம் இருந்தது. லயத்தில் பிறந்த பிள்ளைக்குச் சாதகம் ஏது? பெற்றவளைக் கேட்டால், 'அன்னைக்கு நல்ல மழை, பால்வெட்டு இல்ல' என்பாள். மழையை வைத்து எந்த சோசியன் நட்சத்திரம் கணிப்பான்? ஆகவே, சாதகம் இல்லாத சனத்துக்காக அம்மனே அண்டாவில் இறங்கியிருக்கிறாள் என்றார் தணல்சாமி. சனம் உருகிப்போனது.

முறை எளிது. நடுவில் ஓர் அண்டாத் தண்ணீர். இரு பக்கமும் மஞ்சள் துணியும் வேப்பிலையும் மூடிய இரண்டு தவலைகள். மாப்பிள்ளை ஒரு தவலையிலும் பெண் மற்றதிலும் கையை முக்கிக்கொண்டு இருக்க வேண்டும்; அதற்குள் சாமியார் ஒரு நீளமான பாட்டுப் பாடி முடிப்பார். பிறகு இருவரும் அதே கையை அண்டாவுக்குள் விட்டு, தண்ணீர் சூடா குளிரா என்று சொல்ல வேண்டும். இருவரும் ஒன்றையே சொன்னால் பொருத்தம். மாற்றிச் சொன்னால் பொருத்தமில்லை. தவலைக்குள் இருந்தது என்ன என்று மட்டும் யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் வம்சம் விளங்காது.

முதல் தடவையில் எந்த ஜோடிக்கும் பொருத்தம் வந்ததில்லை. நகையைக் காணிக்கை வைத்துப் பரிகாரம் செய்த பிறகு எந்த ஜோடிக்கும் வராமல் போனதில்லை. இதைக் கண்டு யாரும் சந்தேகப்படவில்லை. 'பாத்தியா, பரிகாரத்தோட மகிமைய' என்றார்கள்.

இந்த அண்டாவில்தான் பத்துமலையின் கல்யாணமும் கவிழ்ந்தது.

பத்துமலை தோட்டத்தில் புகைக்கொட்டகைக்காரன். ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு, கீழே அடுப்பு மூட்டிக் காயவைக்கும் வேலை. நவமணி அவனுடைய மாமா அப்பாவுவின் மகள். சின்ன வயதிலிருந்தே இவனுக்கு இவள் என்று பேச்சு. இருந்தாலும் பத்துமலையின் தாய் இருளாயிக்கு, எதற்கும் அம்மனை ஒரு வார்த்தை கேட்டுவிட ஆசை.

அம்மன் சொன்னாள். பத்துமலை அண்டாவில் கைவிட்டு, "சூடு" என்றான். நவமணி, "குளிரு" என்றாள்.

தணல்சாமி கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டார். "பையன் மனசு இவளுக்காகக் கொதிக்குது. பொண்ணு மனசு இவங்கிட்ட ஆறிக் கெடக்குது. வேற எவனோ உள்ள இருக்கான்."

கொட்டகை முழுக்க நவமணியைத் திரும்பிப் பார்த்தது. அவள் பத்துமலையைப் பார்த்தாள். அவனோ சாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குமேல் நடந்தது எல்லாருக்கும் நடப்பதுதான். அடுத்த வெள்ளி அப்பாவு மகளின் அட்டியலைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சம்பந்தமே வேண்டாம் என்று இருளாயி கூடப்பிறந்த அண்ணனிடமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பாவு வீட்டில் இருந்த ஒரே பொன் அந்த அட்டியல். செத்துப்போன மனைவியின் கழுத்தில் கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டு அப்பாவு சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

மறுநாள் ரப்பர்ப் பால் வாளியை ஸ்டோரில் இறக்கிவிட்டு, நவமணி நேரே புகைக்கொட்டகை வாசலில் வந்து நின்றாள். பத்துமலை அடுப்பில் கட்டை தள்ளிக்கொண்டிருந்தான்.

"உன் தவலையில என்ன இருந்துச்சு மச்சான்?"

அதைச் சொல்லக் கூடாதே என்று அவன் இழுத்தான்.

"எனக்கு வேற ஆளு இருக்கான்னு ஊரு கேக்கச் சொல்லலாம். தவலையில என்ன இருந்துச்சுன்னு சொல்லக் கூடாதா?"

அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "பச்சத் தண்ணி. வெரலு வெறைச்சுப் போச்சு."

"எனக்கு வெந்நி."

பத்துமலை கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தான். பிறகு நவமணி சுவரில் தொங்கிய தெர்மாமீட்டரைக் காட்டி, அது எதற்கு என்று கேட்டாள். கொட்டகைச் சூடு பார்க்க என்றான்.

"உனக்குத்தான் கை இருக்குல்ல? நீட்டிப் பாத்துக்கலாம்லா."

பத்துமலைக்குக் காது சிவந்தது. வேலைக்கு வந்த புதிதில் அவன் அப்படித்தான் செய்தான். அடுப்பருகே வெந்த கையோடு கொட்டகைக்குள் நுழைந்து, சூடு பத்தாது என்று கட்டையை அள்ளிப் போட்டான். ஷீட்டெல்லாம் கொப்புளித்துப் போயிற்று. தொரை மலாயிலும் இங்கிலீஷிலும் மாறி மாறித் திட்டிவிட்டு, அந்தக் கண்ணாடிக் குழாயை மாட்டினார். அன்றிலிருந்து ரப்பர் விஷயத்தில் பத்துமலை தன் கையை நம்பியதே இல்லை. கல்யாண விஷயத்தில் மட்டும் நம்பினான்.

"சூட்டுலேருந்து வந்த கைக்கு எல்லாம் குளிரும், குளிருலேருந்து வந்த கைக்கு எல்லாம் சுடும். பரிகாரத்தன்னைக்கு ரெண்டு தவலையிலயும் ஒரே தண்ணிய ஊத்தி வச்சா பொருத்தம் தானா வந்துடும். இது தெரிஞ்ச ஆளு நீ. வாய மூடிக்கிட்டு நின்னே." சொல்லிவிட்டு அவள் காலி வாளியோடு போய்விட்டாள்.

அந்த வாரம் புகைக்கொட்டகையில் ஷீட்டோடு தண்ணீரும் காய்ந்தது. பத்துமலை வாளி வாளியாகச் சுடவைத்தான், ஆறவைத்தான், கலந்தான், குழாயை விட்டுப் பார்த்தான். வியாழக்கிழமை ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி சூசைநாதனிடம், தெர்மாமீட்டரை வெளியே கொண்டுபோக இரவல் கேட்டான். உடைத்துவிட்டால் தோட்டத்துப் பக்கமே வராதே என்று அவர் ஆசீர்வதித்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை. பரிகார ஜோடிகளுக்கு முன் புது ஜோடிகளைக் கூப்பிடுவது வழக்கம். முதல் பெயர் சொன்னதுமே பத்துமலை எழுந்து போய், வலது கையை ஒரு தவலையிலும் இடது கையை மற்றதிலும் விட்டான்.

சாமியார் திடுக்கிட்டு, அபசாரம் என்றார். ஆனால் கூட்டம் வேறு மாதிரி நினைத்தது. பரிகாரத்துக்காகப் பையன் இரண்டு கையாலும் வேண்டிக்கொள்கிறான் என்று யாரோ சொல்ல, பெண்கள் குலவையிட்டார்கள். வேறு வழியில்லாமல் சாமியார் பாட்டைத் தொடங்கினார். பாதியில் நிறுத்தப் பார்த்தார். "முழுசா பாடுங்க சாமி" என்றான் பத்துமலை.

பாட்டு முடிந்தது. இரண்டு கைகளையும் அண்டாவுக்குள் விட்டான்.

"வலது கை சூடுங்குது. இடது கை குளிருங்குது. என் ரெண்டு கைக்கும் பொருத்தம் இல்ல சாமி. எந்தக் கைக்கு வேற ஆளு இருக்கு? வலதுக்கா, இடதுக்கா?"

ஒருவர் சிரித்தார். அப்புறம் பத்துப் பேர். தணல்சாமி கையை உயர்த்தி, அம்மன் இவனிடம் விளையாடுகிறாள் என்றார். அப்படியானால் ஆத்தாவிடமும் விளையாடட்டும் என்று பத்துமலை தாயை இழுத்து வந்தான். இருளாயி பயந்துகொண்டே இரு தவலையிலும் கைவிட்டாள். பிறகு அண்டாவில் விட்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்தே கூட்டத்துக்கு விடை தெரிந்துவிட்டது.

"எனக்கு அறுவது வயசுக்கு மேல எவன்டா இருக்கான்?" என்றாள் இருளாயி.

பத்துமலை தெர்மாமீட்டரை எடுத்தான். அம்மன் கோபத்தில் குழாய் வெடிக்கும் என்று சாமியார் எச்சரித்தார். முதல் தவலையில் விட்டான், ஃபாரன்ஹீட் கணக்கில் ஐம்பது டிகிரி. இரண்டாவதில் நூற்றுப்பத்து. குழாய் வெடிக்கவில்லை.

"நானும் குறி சொல்றேன், கேளுங்க. இதுல ஒரு சொம்பு, அதுல ஒரு சொம்பு எடுத்துக் கலந்தா எம்பதுல வந்து நிக்கும்."

கலந்தான். எண்பதுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. "அந்த மிச்சத்த பாத்திரம் குடிச்சிருச்சு" என்றான். அண்டாவிலும் விட்டான், அங்கும் ஏறக்குறைய எண்பது. அம்மன் இறங்கிய தீர்த்தமும் சொம்பில் கலந்த தண்ணீரும் ஒரே தண்ணீர்தான்.

இருளாயிக்கு அதற்குமேல் கணக்குத் தேவைப்படவில்லை. முதல் தவலையின் வேப்பிலையை வாரி எறிந்து கையைவிட்டுத் துழாவினாள். மரத்தூள் ஒட்டிய ஒரு பெரிய ஐஸ் கட்டி கையோடு வந்தது.

"ஆயர் பத்து" என்று ஐஸின் மலாய்ப் பெயரை அடிக்குரலில் சொன்னாள். "ஈப்போ பாசார்ல விக்கிற ஆயர் பத்துக்கு எங்கண்ணன் பொண்ணு மானத்த வித்துட்டேனே."

கூட்டம் திரும்புவதற்குள் கொட்டகையின் பின்பக்க ஓலை பிரிந்திருந்தது. தணல்சாமி போய்விட்டார். எல்லாரும் நகையை ஒப்படைத்த காணிக்கைப் பெட்டி மட்டும் அவரோடு போக மறக்கவில்லை.

அப்பாவு இன்னும் கொடுக்காமல் மடியில் வைத்திருந்த அட்டியலை மகள் கழுத்தில் போட்டார். இருளாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பத்துமலை பெரிய காரியம் செய்த தோரணையில் நவமணியின் அருகில் வந்து, தையிலேயே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான்.

"அன்னைக்கு நீ என் மொகத்தப் பாக்கல மச்சான். சாமியார் மொகத்தப் பாத்தே."

அவன் தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதில் இதற்கு டிகிரி இல்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் நவமணி. சிரித்தாளா என்று அவனால் கணிக்க முடியவில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று அந்தக் கொட்டகையில் யாரும் சொன்னது அதுவே முதல் தடவை. வெளியே சாலையில் மற்றவர்கள் நகை போன துக்கத்தை ஆற்றிக்கொண்டிருந்தார்கள். பீடோரில் ஒரு சாமியார் வந்திருக்கிறாராம். களவுபோன நகையை முட்டையில் மை தடவிக் காட்டுவாராம். பஸ் வந்தது. இடம் பிடிக்க அடிதடி.

ஒரு ரப்பர் ஷீட்டு கெடக் கூடாது என்று வெள்ளைக்காரன் தெர்மாமீட்டர் வாங்கி மாட்டியிருக்கிறான். பெற்ற பெண்ணின் வாழ்வு கெடக் கூடாது என்று நாம் எதை மாட்டியிருக்கிறோம்?