ஸ்வெட்டரும் என் ஞாயிற்றுக்கிழமைகளும்

என் மனைவியின் ஸ்வெட்டரைப் பற்றிய உண்மை என்னோடு மண்ணுக்குள் போக வேண்டும். போன கார்த்திகையில் நான் எடுத்த வைராக்கியம் இது. நான்கு மாதம் கட்டிக் காத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு காத்தேன்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு லாட்ஜில் நான் மேனேஜர். அங்கே நான் கண்ணைக் காட்டினால் பதினாறு அறைக் கதவும் திறக்கும். வீட்டில் நான் தொண்டையைக் கனைத்தால், இருமல் மருந்து எடுத்துக் கொடுப்பாள் சிவரஞ்சனி. அவள் தம்பி பிரகாஷ் ஸ்ரீநகரில் ராணுவத்தில் இருக்கிறான். அக்காவுக்குத் தீபாவளிப் பரிசாக அசல் காஷ்மீர் ஆட்டு ரோமத்தில் பின்னிய ஸ்வெட்டர் ஒன்றை அனுப்பினான். கத்தரிப்பூ நிறம். வந்த அன்று முழுக்க அதைக் கன்னத்தில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். என் கன்னத்துக்குப் பதினெட்டு வருடத்தில் அந்த மரியாதை கிடைத்ததில்லை.

கூடவே ஓர் அட்டை வந்தது. கையால் மட்டுமே துவைக்க வேண்டும். முறுக்கக் கூடாது. தொங்கவிடக் கூடாது. வெயில் ஆகாது. சூடு ஆகவே ஆகாது. புது மாப்பிள்ளைக்குக்கூட இத்தனை உபசாரம் கிடையாதே என்றேன். மாப்பிள்ளைகள் சுலபமாகக் கிடைக்கிறார்கள் என்று பதில் வந்தது.

கார்த்திகையில் அதன் மேல் காப்பி கொட்டிவிட்டது. தான் வந்து துவைத்துக்கொள்வதாகவும், யாரும் தொட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்க்க மலையடிவாரத்துக் குப்பனூர் போனாள். யாரும் என்றால் வீட்டில் நான் ஒருவன்தான். திரும்பி வருவதற்குள் துவைத்து வைத்து நல்ல பெயர் வாங்க ஆசைப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

துவைத்ததென்னவோ கையால்தான். காய வைத்ததில்தான் வந்தது வினை. கார்த்திகை மாதம் ஏற்காட்டில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக வந்து கட்டிலில் உட்காரும். திங்கட்கிழமை போட்ட துணி வியாழக்கிழமையும் ஈரமாக இருக்கும். அதனால் எங்கள் லாட்ஜில் படுக்கை விரிப்புகளைச் சூட்டில் காய வைக்க ஒரு மெஷின் உண்டு. சேலத்துக்காரனாக இருந்தால் வேப்பமரத்து நிழலில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பான். நான் மலைக்காரன். விரிப்புகளோடு ஸ்வெட்டரையும் மெஷினுக்குள் போட்டேன். நாற்பது நிமிடம் கழித்து ஒரு விரிப்பை உதறினேன். அதிலிருந்து கைக்குழந்தைச் சட்டை ஒன்று விழுந்தது. யாருடைய குழந்தையோ என்று ஒரு கணம் பரிதாபப்பட்டேன். அப்புறம் நிறத்தைப் பார்த்தேன்.

ஏரிக்கரை ஸ்வெட்டர் கடைகளுக்கு ஓடினேன். அதே நிறத்தில் ஒரு நைலான் ஸ்வெட்டர் கிடைத்தது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பேரம் பேசாமல் வாங்கினேன். பழையதன் லேபிளை வெட்டி, புதியதன் கழுத்தில் நானே தைத்தேன். சுருங்கிப்போனதை, தங்க வந்தவர்கள் மறந்துவிட்டுப் போகிற சாமான்களைப் போடும் லாட்ஜ் பெட்டிக்குள் ஒளித்தேன்.

சிவரஞ்சனி வந்தாள். ஸ்வெட்டரைக் கையில் எடுத்தாள். கழுத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்களே தொவச்சீங்களா?"

"உனக்காகத்தான் ரஞ்சனி. கையாலயே."

"நொம்ப நல்லா வந்திருக்குதுங்க. எனக்கெல்லாம் இந்தக் கைப்பக்குவம் வராது. இனிமே நீங்களே தொவச்சிருங்க."

அன்றோடு என் ஞாயிற்றுக்கிழமைகள் ஒழிந்தன. ஞாயிறு காலை பத்து மணிக்குச் சித்தன் டீக்கடையில் கேரம் ஆடுவது என் உயிர். அந்தப் பத்து மணிக்கு நான் வாளிக்கு முன்னால் குந்தியிருந்தேன். சிவரஞ்சனி நாற்காலியில் அட்டையோடு உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் சூடு சரிதானா என்று முழங்கையை விட்டுப் பார்க்கச் சொன்னாள். குழந்தைகள் ஷாம்பு. பிழியக் கூடாது, துண்டில் சுருட்டி மெல்ல அமுக்க வேண்டும். பிறகு காப்பிக்கொட்டை காயப்போடும் வலையில் விரித்து, வெயில் நகர நகர வலையை நிழலுக்கு நகர்த்த வேண்டும். குரங்கு வராமல் நான் குச்சியோடு காவல் இருக்க வேண்டும்.

இத்தனையும் ஒரு நைலானுக்கு. கல்லில் அடித்துத் துவைத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. அதை நான் எப்படிச் சொல்வேன்? மார்கழியில் டீக்கடையில் என் இடத்தில் கேரம் கூட்டாளி செபாஸ்டின் ஆட உட்கார்ந்தான். தை மாதம் அவன்தான் ஒண்டிக்கடை சாம்பியன். அந்த வாரம் ஸ்வெட்டரை அமுக்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாசியில் பிரகாஷ் லீவில் வந்தான். வந்ததும் வராததுமாகச் சிவரஞ்சனி ஸ்வெட்டரை அவன் கையில் கொடுத்தாள்.

"மாமா எப்படி வெச்சிருக்காருன்னு பாரு கண்ணு."

அவன் தடவினான். திருப்பினான். மறுபடி தடவினான். என்னால் முடியவில்லை. வைராக்கியம் பொலபொலவென்று கொட்டிவிட்டது. மெஷின், ஏரிக்கரை, லேபிள் எல்லாவற்றையும் அவன் வாயைத் திறப்பதற்குள் ஒப்பித்து முடித்தேன். சிவரஞ்சனி நிதானமாகக் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"தெரியுமுங்க."

"எப்பருந்து?"

"அன்னிக்கே. லேபிளைத் தலைகீழாத் தெச்சிருந்தீங்க. அப்பறம் உங்க லாட்ஜுல ரூம் கூட்டுற அத்தாயி, பேரனுக்குக் கத்தரிப்பூக் கலர்ல ஸ்வெட்டர் போட்டுக் கூட்டிட்டு பஸ்ஸுல வந்தா. பெட்டியில கெடந்துச்சுன்னா. அந்தப் பையனுக்கு நல்லா எடுப்பா இருக்குதுங்க."

"அப்பறம் எதுக்கு நாலு மாசமா என்னைய உக்கார வெச்ச?"

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் பையைத் திறந்தான். உள்ளே இரண்டு ஸ்வெட்டர்கள். அசல் காஷ்மீர்.

"தம்பிகிட்ட அப்பவே போன்ல சொல்லிட்டனுங்க. லீவுக்கு வாரப்ப எனக்கும் அம்மாவுக்கும் புதுசு கொண்டாரேன்னானுங்க. அசலை உங்க கையில குடுக்க முடியுங்களா? அதான் நைலான்ல பழகட்டும்னு உட்டேன். இப்ப நல்லாப் பழகிட்டீங்க."

குப்பனூர் வெயிலில் மாமியாருக்கு எதற்கு ஸ்வெட்டர் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் சாயங்கால பஸ்ஸில் அது துவைக்க வந்துவிடுகிறது.