ஒரிஜினல் அண்ணனின் நண்டுச் சோதனை

வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை இரண்டையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் ஒரிஜினல் அண்ணனைப் போலக் கொப்பிகளை வெறுக்கும் இன்னொரு மனிதரைக் கண்டுபிடிக்க முடியாது. அவர் பிழைப்புக்கு நடத்துவது போட்டோக்கொப்பிக் கடை.

நான் படிப்பிக்கும் பாடசாலைக்குப் பக்கத்துச் சந்தியில் இருக்கிறது அந்தக் கடை. தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். ஆனால் யார் என்ன கடதாசியை நீட்டினாலும் அதை வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "இது ஒரிஜினலா?" என்று கேட்பார். அதனால் ஊர் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. கொப்பியைக் கொடுத்து அதில் இன்னொரு கொப்பி எடுக்கச் சொன்னால் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒருநாள் பழுகாமத்திலிருந்து பஸ்ஸில் வந்த ஓர் அக்கா காணிப் பேர்மிட்டின் கொப்பியை நீட்டினார்.

"ஒரிஜினல் எங்க?"

"வீட்ட அலுமாரிக்குள்ள இரிக்கு."

"கண்ணால கண்டீங்களா?"

"போன வருசம் கண்டன்."

"அப்ப போய்ப் பாத்திட்டு வாங்க."

அந்த அக்கா அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டிவிட்டுப் போனார். அடுத்த நாள் திரும்பி வந்து, பேர்மிட்டில் அரைவாசியைக் கறையான் தின்றுவிட்டது என்று கடை வாசலில் நின்று அழுதார். அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு, அந்த அக்காவோடு ஒரு கிழமை முழுக்க அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்து புதுப் பேர்மிட் எடுத்துக் கொடுத்தார்.

இந்த மனிதரிடம்தான் நான் போட்டோக்களை ஒழுங்குபடுத்தித் திருத்துவதற்கு நல்ல மென்பொருள் எது என்று ஆலோசனை கேட்கப் போனேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் கணித வாத்தியார். கமரா வாங்கிய நாளிலிருந்து என்னை ஒரு பெரிய கலைஞன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு யாரும் அப்படி நினைத்ததாகத் தகவல் இல்லை. பாசிக்குடாக் கடலில் சூரியன் உதிப்பதை எடுப்பேன், வாவியில் அது மறைவதையும் எடுப்பேன். இடைப்பட்ட நேரத்தில் வீட்டில் யார் எதைச் செய்தாலும் எடுப்பேன். இருபதாயிரம் படம் சேர்ந்து கொம்பியூட்டர் மூச்சு வாங்கத் தொடங்கியது.

ஐந்து மென்பொருள்களை இறக்கிப் பார்த்தேன். ஒன்று படங்களைத் திகதிப்படி அடுக்கியது. கமராவில் திகதி போட வேண்டும் என்பதே எனக்குப் பல வருசமாகத் தெரியாது. ஆகவே என் மகளின் முதலாவது பிறந்தநாள், வெள்ளம், தீமிதிப்பு, மச்சானின் கல்யாணம் எல்லாம் ஒரே நாளில், ஜனவரி முதலாந் திகதியில், நடந்து முடிந்திருந்தன. இன்னொன்று முகத்தைப் பார்த்து ஆளைப் பிரிக்குமாம். அது என் மனைவியையும் அவளுடைய இரண்டு தங்கச்சிமாரையும் ஒரே ஆள் என்று முடிவுகட்டியது. கூத்தில் அரச வேசம் கட்டிய மச்சானைக் கொண்டுபோய்க் கோயில் வாகனங்களோடு சேர்த்துவிட்டது. வீட்டில் மனைவி இரண்டு நாள் பேசவில்லை, மச்சான் இன்னும் பேசவில்லை.

ஐந்தையும் மடிக்கணினியில் போட்டுக்கொண்டு, படங்கள் முழுவதும் இருந்த ஹார்ட் டிஸ்கையும் காவிக்கொண்டு கடைக்குப் போனேன். எது எதில் எத்தனை வசதி என்று அட்டவணை போட்டு எழுதியும் வைத்திருந்தேன். அண்ணன் அதைப் பார்க்கவே இல்லை. தன் போனில் இருந்து ஒரு வாவி நண்டின் படத்தை எடுத்து என் கணினியில் போட்டார்.

"சேர், இந்த நண்டுட வலக்காலை வெட்டுங்க."

வெட்டினேன்.

"சேமியுங்க. மூடுங்க. மறுகா திறந்து காலைத் திருப்பிக் கேளுங்க."

முதல் மூன்றிலும் கால் திரும்பி வரவில்லை. நான்காவதிலும் வரவில்லை. ஐந்தாவதில் மட்டும் நண்டு முழுசாகக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"இதைத்தான் எடுக்கணும். இது ஒரிஜினலைத் தொடாது. என்ன வெட்டினாலும் வெட்டின விவரத்தைப் புறம்பா எழுதி வச்சிக்கும்."

"அண்ணன், இது பாக்க பள்ளிக்கூட வரவு டாப்பு மாதிரி வெறும் கோடும் கட்டமுமா இரிக்கே. நாலாவதைப் பாருங்க, ஒரு தட்டுத் தட்டினா வானம் எல்லாம் நீலமா மாறுது!"

"வானம் என்ன நிறத்தில இருந்திச்சோ அதான் வானம், சேர்."

கணிதப் பட்டதாரிக்கு நண்டை வைத்துப் பாடம் எடுக்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. நான்காவதைத்தான் எடுப்பேன் என்று அடித்துச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. ஹார்ட் டிஸ்கில் வைரஸ் இருக்கும் போலத் தெரிகிறது, வைத்துவிட்டுப் போங்கள் என்றார். அடுத்த நாள் பத்திரமாகத் திருப்பித் தந்தார்.

பிறகு நான் ஆடிய ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. வாவியின் சேற்றுத் தண்ணீரைப் பாசிக்குடா நீலக்கடல் ஆக்கினேன். என் தலையில் மயிர் குறைந்த இடங்களில் நிழல் போட்டேன். படத்தின் ஓரத்தில் நிற்பவை கண்ணைச் சிதறடிக்கும் என்று எங்கோ ஒரு வீடியோவில் கேட்டிருந்தேன். அதற்கும் ஒரு பொத்தான் இருந்தது. தேவையில்லாத ஓரங்களைத் தானே பார்த்து வெட்டிவிடும். 'எல்லாப் படங்களுக்கும் செய்யவா?' என்று கேட்டது. செய் என்றேன். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. மென்பொருளுக்கு இருந்த தயக்கம்கூட எனக்கு இருக்கவில்லை.

இந்த வருசம் மாமி காலமானா.

மனைவியின் தாய். குருக்கள்மடத்திலிருந்து ஒரு பெட்டியோடு மாப்பிள்ளையாய் வந்த நான் பதினெட்டு வருசம் இருந்தது அவவின் வீட்டில், சாப்பிட்டது அவவின் கையால். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு நினைவு மலர் அடிக்க வேண்டும். முகப்புக்கு நல்ல படம் ஒன்று எடுத்துத் தாருங்கள் என்றாள் மனைவி. இருபதாயிரம் படம் வைத்திருப்பவனுக்கு இது ஒரு வேலையா என்று உட்கார்ந்தேன்.

கமராவைக் கண்டால் மாமி ஒதுங்கிவிடுவா. "என்னை எடுக்காதீங்க மருமகன்" என்று கதவு நிலையில் சாய்ந்து, ஒரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பா. எல்லாப் படத்திலும் இருந்தா, எல்லாப் படத்திலும் ஓரத்தில் இருந்தா. இப்போது இருந்ததெல்லாம் ஒரு முழங்கை, ஒரு சேலைத் தலைப்பு, தேத்தண்ணிக் கோப்பையை நீட்டும் ஒரு கை. மூன்று நாள் தேடியும் முகம் கிடைக்கவில்லை.

உண்மையைச் சொன்னேன். மனைவி ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மாமியின் அடையாள அட்டையை எடுத்துத் தந்தாள். "அம்மா ஒரு நாளும் இப்பிடி முழிச்சதில்ல. பரவாயில்ல, இதைப் பெருசாக்கித் தாங்க."

அட்டையோடு போய் ஒரிஜினல் அண்ணனுக்கு முன்னால் நின்றேன். பாவமன்னிப்புக் கேட்பவன் மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அட்டையை வெளிச்சத்தில் பிடிக்கவில்லை. குனிந்து மேசைக்கு அடியிலிருந்த பழைய கொம்பியூட்டரைத் தட்டி எழுப்பினார்.

"நீங்க அந்த நீல வானத்துக்கு ஆசைப்பட்ட அண்டைக்கே எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டன். வைரஸ் ஒண்டும் இருக்கல்ல."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"சொன்னா வேணாம் எண்டிருப்பீங்க, சேர். எனக்கும் வெக்கமா இருந்திச்சி. என்ர சீவியத்தில எனக்கெண்டு எடுத்து வச்ச கொப்பி இது ஒண்டுதான்."

வானம் சாம்பலாய், வாவி சேறாய், என் வழுக்கை வழுக்கையாய், இருபதாயிரமும் அப்படியே இருந்தன. தேடினோம். மகளின் பத்தாவது பிறந்தநாளில் கிடைத்தா மாமி. கதவு நிலையில் சாய்ந்து, கையால் வாயை மூட மறந்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. அவவுக்கு ஒரு பக்கமாய், கமராவுக்குக் கிட்ட, கேக் கத்தியை உயர்த்திப் பிடித்தபடி, வயிற்றை எக்கிக்கொண்டு, படத்தில் முக்கால்வாசியை அடைத்து நின்றேன் நான். கமராவை முக்காலியில் பூட்டிவிட்டு ஓடிவந்து நின்ற படம்.

"உங்களை வெட்டணுமே, சேர்."

"வெட்டுங்க அண்ணன். வடிவா வெட்டுங்க."

முப்பத்தோராம் நாள் அண்ணன் வந்தார். முகப்புப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மனைவி அவரைப் பார்த்தாள். செத்தவீட்டில்கூடக் கல்லுப் போல நின்றவள், அன்றைக்குத்தான் விம்மி அழுதாள்.

"அழாத தங்கச்சி," என்றார் அண்ணன், தான் ஏதோ பிழை செய்துவிட்டதைப் போலப் பதறிக்கொண்டு. "இன்னும் நானூறு படத்தில அம்மா நிக்கிறா. எண்ணிப் பாத்தன்."

அவரைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் முதல் பந்தியில் இருத்தி, அவர் போதும் போதும் என்று இரண்டு கையாலும் மறிக்க மறிக்க, நானே நின்று சோறு போட்டேன்.