பங்குனி அக்காவின் நான்கு வழிப் பயணம்

பங்குச் சந்தைப் பாடத்தை எங்கள் பங்குனி அக்கா அளவுக்கு நம்பியவர் இந்த நாட்டிலேயே கிடையாது. ஒரு பங்குகூட வாங்கியதில்லை என்பது வேறு விஷயம்.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் எம்.பி.ஏ. படித்தபோது அவர் என் அறைத்தோழி. குமாரபாளையத்து ஜவுளிக் குடும்பம். வாயைத் திறந்தால் 'பங்கு' என்பதால் அந்தப் பெயர். எல்லாப் பாடத்தையும் முடித்துவிட்டு, முதலீட்டுப் பகுப்பாய்வில் மட்டும் அரியர் வைத்திருந்தார். "இதைப் பாஸ் பண்ணாம ஊட்டுக்குப் போறதில்லை" என்று விடுதியிலேயே தங்கி, எங்கள் வகுப்பில் முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

முதலீட்டை ஒரே இடத்தில் போடாமல் பிரித்துப் போட வேண்டும் என்பது அந்தப் பாடத்தின் அடிப்படை. அக்கா அதை வாழ்க்கை முழுக்கப் பரப்பினார். துவைத்த துணியை மூன்று கட்டடத்து மாடிகளில் காயப்போடுவார்.

"மழை வந்தா மூணுலயும்தானேக்கா வரும்?"

"மூணுக்குமு ஒரே மேகமா வரப்போவுது? பாக்கலாம் இரு."

வந்தது. மூன்றும் நனைந்தன. அக்கா மட்டும் அசையவில்லை.

பரீட்சையிலும் அதே கதைதான். ஐந்து கேள்விக்கு விடை எழுதச் சொன்னால் தாளில் இருக்கும் எல்லாக் கேள்வியையும் தொட்டு, எல்லாவற்றையும் பாதியில் விடுவார். "ஒண்ணுலயே முழுசா எறங்கி அது தப்பாப் போச்சுன்னா?" என்பார். மார்க் போடுகிறவருக்கு இந்தத் தத்துவம் புரியவில்லை.

சேலத்தில் கல்லூரிகளுக்கு இடையே ஒரு போட்டி வந்தது. எந்தெந்தப் பங்குகளை வாங்கலாம் என்று ஆராய்ந்து மேடையில் விளக்க வேண்டும். அக்காவோடு சேர்த்து நாங்கள் நான்கு பேர்.

"எல்லாருமு ஒரே பஸ்ஸுல போயி அது வழியில நின்னுருச்சுன்னா?" என்று ஆரம்பித்தார் அக்கா. என்னைச் சங்ககிரி பஸ்ஸில் ஏற்றினார். இன்னொருத்தியை ராசிபுரம் வழியாக அனுப்பினார். மூன்றாமவள் அவள் அண்ணன் பைக்கில். "ரிஸ்க் ஜாஸ்தியா இருக்கறத நானே வெச்சுக்கறேன்" என்று, தெரிந்தவர்களின் போர்வெல் லாரியில் அவர் ஏறிக்கொண்டார். அதோடு விட்டாரா? எங்கள் அறிக்கையையும் நான்காகப் பிரித்து ஆளுக்கொரு பகுதி கொடுத்தார்.

நாங்கள் மூவரும் சொன்ன நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். லாரி மட்டும் டயர் வெடித்து நின்றது. கையில் இருந்த மூன்று பகுதிகளையும் மேடையில் மூச்சுவிடாமல் ஒப்பித்தோம்.

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாம் சரிம்மா. எதைத்தான் வாங்கணும்?"

அது நான்காம் பகுதியில் இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு, தலை முதல் கால்வரை செம்மண்ணோடு அக்கா உள்ளே வந்தார். "இருங்க சார், முடிவு எங்கிட்ட இருக்குதுங்க!" அரங்கமே சிரித்தது. கொடுத்த நேரம் முடிந்திருந்தது. ஆனாலும் அக்கா மேடையேறி, கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் இறங்கினார். பரிசு கிடைக்கவில்லை.

திரும்பும்போது நால்வரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். அக்கா உடையில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

"பிரிக்கறது செரிதான் சாமி. ஆனா பிரிச்சது ஒவ்வொண்ணுமு முழுசா இருக்கோணும். ஆளுக்கொரு முழு அறிக்கையே குடுத்திருக்கோணும். பரீட்சைலயுமு நா இதைத்தான் பண்ணித் தொலைச்சிருக்கறேன்."

மறுநாளிலிருந்து ஒரு கேள்வியை எடுத்தால் முடிக்காமல் எழுந்திருக்க மாட்டார். நாங்கள் சாப்பிடக் கூப்பிட்டாலும் விடை முடிந்தால்தான் தட்டு.

பரீட்சை முடிந்து ரிசல்ட் வந்த அன்று இணையம் இழுத்துக்கொண்டே நின்றது. அக்கா போனைத் தட்டிக்கொண்டே இருந்தார். "உன்ற நெம்பரச் சொல்லு சாமி." சொன்னேன். "நீ பாஸு!" என்று கத்தி என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு மற்ற இரண்டு பேரின் எண்கள். தன்னுடையதைப் பார்க்கவே இல்லை. எண்ணை மட்டும் அடித்து, போனை என்னிடம் நீட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா பாஸாகியிருந்தார். தோளைத் தொட்டுத் திருப்பி, போனை அவர் கண்முன் பிடித்தேன்.