லுண்ட் சதுக்கத்தில் செம்லாவுக்கு மூண்ட பெரும்போர்

வாழ்க குன்வோர்! எண்பத்தாறு பனிக்காலங்களைப் பழிப்புக் காட்டி வழியனுப்பியவள், முறிந்த இடுப்பெலும்பை உலோகத்தால் ஒட்டிக்கொண்டு மீண்டெழுந்தவள், உதவ நீளும் கைகளைக் குடையால் தட்டிவிடும் கொற்றவை! அவள் புகழ் பாடப் புகுந்தேன். நாமகளே, நாவில் அமர்ந்து அருள்க. முடியாவிட்டால் குறுக்கே நிற்காமலாவது இருக்க.

இடுப்பு முறிந்த நாள்தொட்டு அவள் சுவீடனின் லுண்ட் நகரச் சதுக்கத்து அடுமனைக்குள் தனியே நுழைந்ததில்லை. மகள் வாங்கிவந்து, ஊட்டாத குறையாகத் தந்ததையே தின்றாள். அந்த அவமானம் அவளை வாட்டியது.

அவளுக்குத் தேர் சமைத்தவன் டோர்கெல் என்னும் இளம் வடிவமைப்பாளன். கருங்கல் பாவிய சதுக்கத்தில் முதியோர் கைப்பிடித்துத் தள்ளிச் செல்லும் நடைவண்டிகளின் சிறுசக்கரங்கள் கல்லிடுக்கில் சிக்கித் தவிப்பதைக் கண்டு நெஞ்சு கொதித்து, கல்மேல் எளிதாக ஏறும் பெருஞ்சக்கரங்கள் பூட்டிய கருநிற வண்டியைப் படைத்தான். கூடவே, கிழட்டுத்தனமாக இருக்கிறதென்று இருக்கையையும் தட்டையும் கழற்றி எறிந்தான். எறிந்ததை ஊரெல்லாம் பெருமையடித்தும் திரிந்தான்.

“யாரு கையையும் எதிர்பார்க்க வேண்டாம், குன்வோர். நீங்களே வாங்கி, சன்னலோரமா உக்காந்து சாப்பிடலாம்.”

“சாப்பிட்டுக் காட்டுறேன். நடுவுல வந்து என் முழங்கையைப் பிடிச்சே, வண்டியை உன் கால்மேலயே ஏத்திடுவேன்!”

கிறித்தவரின் தவக்கால நோன்புக்கு முந்தைய செவ்வாய் விடிந்தது. பாதாம்விழுது பொதிந்து, பாலேட்டு மகுடம் சூடிய செம்லாப் பன்களை ஊரே மொய்த்துத் தீர்த்தபின், அடுமனைக் கண்ணாடிக்குள் எஞ்சி வீற்றிருந்தது ஒன்றே ஒன்று. சதுக்கத்தின் கிழக்கிலிருந்து குன்வோர் புறப்பட்ட அக்கணமே, மேற்கிலிருந்து கிளம்பினான் பெங்ட், எண்பத்தெட்டு வயதான முன்னாள் ரயில் கார்டு, அவளோடு ஒரே மாடிப்படியில் ஏறும் அண்டைவீட்டான். அவன் வண்டி அரதப்பழசு, சக்கரமெல்லாம் கீச்சுக்குரல். ஆயினும் அமர அகன்ற இருக்கையும் காப்பி வைக்கத் தட்டும் உடையது.

“பெங்ட்! அது என்னோடது, திரும்பிப் போயிடு!”

“உன் பேரா எழுதியிருக்கு? முதல்ல நம்பர் சீட்டு எடுக்கிறவங்களுக்குத்தான்!”

அம்மம்மா, அப்போரை என்னென்பேன்! உறைபனிமேல் தூவிய சரளை நறநறக்க, புறாக்கள் பதறிப் பறக்க, மிதிவண்டி மாணவர்கள் வழிவிட்டு ஒதுங்க, கருந்தேர் கற்களைத் துச்சமென மிதித்துப் பாய, பழந்தேர் கல்லுக்கொரு முறை சிக்கி, கல்லுக்கொரு வசவு பெற்று, குறுக்குவழியால் முந்தி நுழைந்தது! ஆனால் கடைக்குள் வரிசை எண் தரும் சீட்டுப் பொறியை எட்டிய பெங்ட்டுக்குக் கை நீட்டுமுன் மூச்சு வாங்கியது. வண்டித் தடையைப் பூட்டி, பொறிக்கு முதுகு காட்டி, தன் இருக்கையில் தொப்பென்று அமர்ந்தான். பின்வந்த குன்வோர் அவன் தலைக்குமேல் கை நீட்டிச் சீட்டைக் கிழித்தாள்.

“அடிப்பாவி! நான் மூச்சுதான் வாங்கிக்கிட்டிருந்தேன்!”

“வாங்கிக்கோ, நல்லா வாங்கிக்கோ. நான் பன்னு வாங்கிக்கிறேன்.”

கடையில் வேறு ஈ காக்கை இல்லை. ஆயினும் எண்பலகை மாறும்வரை விற்பனைப் பெண் இருவரையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பலகை மாறியது, “அறுபத்திரண்டு!” என்றாள் அவள். வெற்றி! செம்லா ஒரு தட்டில், காப்பி ஒரு கோப்பையில், வெற்றிமகள் முன்னே வந்து நின்றன.

அங்கேதான் விதி சிரித்தது. வண்டியைப் பிடிக்க இரண்டு கை வேண்டும். தட்டுக்கொரு கை, கோப்பைக்கொரு கை வேண்டும். சன்னலோர மேசையோ கைக்கெட்டும் தொலைவில் இல்லை. தன் தேரின் வெற்றியைக் காண வந்து, வெளியே கண்ணாடியில் மூக்கை அழுத்தியபடி நின்ற டோர்கெல் வெளிறிப்போனான்.

“நான் கொண்டுவந்து வைக்கட்டுமா?” என்றாள் விற்பனைப் பெண்.

“கூடாது!”

பெங்ட் எழுந்து, தன் வண்டித் தட்டை இரண்டு தட்டு தட்டினான்.

“இதுல வை. வண்டிக்கூலியா பாதி பன்னு.”

“கொள்ளைக்காரா! கால்வாசி.”

“பாதி. இல்லேன்னா நின்னுக்கிட்டே தின்னு.”

குன்வோர் எண்ணிப் பார்த்தாள். கூலி கொடுத்தால் அது உதவியாகாது. செம்லாவைப் பகைவன் தேரில் ஏற்றினாள். பின் வாசல் பக்கம் திரும்பி, கண்ணாடி அதிர முழங்கினாள்:

“டோர்கெல்! தட்டு எங்கடா?”

புதன்கிழமை காலையில் டோர்கெல் வண்டியில் தட்டு மாட்டினான்.