ஜமீனுக்கு ஒரு மலை

ஒரே வீட்டில் இரண்டு ஆண்கள் காலை நீட்டிப் படுக்க முடியாது.

இந்த முடிவுக்கு நான் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கறிக்குழம்புச் சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டு, கையில் தலையணையோடு ஹாலுக்கு வந்து நிற்கிறேன். மின்விசிறிக்கு நேர் கீழே, ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில், சில்லென்று இருக்கும் அந்த ஆறடி இடத்தில் ஏற்கெனவே ஒருவர் படுத்திருந்தார். நான்கு காலையும் நான்கு திசைக்கு நீட்டியிருந்தார். பெயர் ஜமீன்.

ஜமீன் எங்கள் வீட்டு நாய். கல்யாணச் சீர் வரிசையில் அவர் இல்லை. ஆனால் மறுவீட்டுக்குப் போய்த் திரும்பும்போது பார்த்தால் காரில் எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து எல்லாவற்றிலும் எனக்கு முன்னால்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை துணிந்து, காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தேன். அவர் உறுமினார். அடுப்படியிலிருந்து என் மனைவி நாச்சியம்மையும் உறுமினாள். நான் தலையணையோடு வெயிலடிக்கும் அறைக்குப் போனேன்.

என் பெயர் வயிரவன். காரைக்குடியில் ஒரு வங்கியில் வேலை. உட்கார்ந்து செய்கிற வேலை. அதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அவ்வளவு நன்றாக உட்காருவேன்.

ஜமீனை எப்படி வெளியேற்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, வழியை நாச்சியம்மையே கொண்டுவந்து கொடுத்தாள். ஜமீன் மந்தமாகிவிட்டதாம். கால்நடை டாக்டரிடம் காட்டினாளாம். வேட்டைக்கார வம்சத்து நாயாம். வாரத்துக்கு ஒரு தரம் மலை ஏற்றாவிட்டால் உடம்பு கெட்டுவிடும் என்றாராம்.

நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். உள்ளே குலவைச் சத்தம்.

ஏனென்றால் எங்கள் பக்கத்தில் மலை என்று ஒன்று இருந்தால் அதன் மேல் சாமி ஒன்று இருக்கும். சாமி இருந்தால் செருப்பும் நாயும் அடிவாரத்தோடு சரி. நாய் ஏறுகிற மலை இந்தச் சீமையிலேயே கிடையாது. மனிதர்களுக்கே நடை சாத்துகிற ஊர் இது.

பாவம், வாயில்லாச் சீவன், இங்கே வைத்து அதன் உடம்பைக் கெடுக்கலாமா, கோட்டையூரில் உன் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிடலாமே என்றேன். அந்த வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். மலையே வேண்டாம், வாசலிலிருந்து கொல்லைக்குப் போனாலே போதும்.

நாச்சியம்மை அசையவில்லை. தேடினால் மலை கிடைக்கும் என்றாள். நான் மார்பை நிமிர்த்தினேன். பக்கத்து வீட்டு சூசைமேரி டீச்சர் இட்லி மாவு கேட்டு வந்து நின்றிருந்தது என் கெட்ட நேரம். சாட்சியோடு சொல்லிவிட்டேன்.

"ரெண்டு மாசம் டைம். நாயை ஏற விடுற மலை ஒண்ணே ஒண்ணு காட்டு. ஆயுசு பூரா ஞாயித்துக்கிழமை நான் மலை ஏறுறேன். இல்லையா, ஜமீன் கோட்டையூருக்கு."

"டீச்சர், கேட்டுக்கிட்டீகளா?" என்றாள் நாச்சியம்மை.

"கேட்டுக்கிட்டேன் ஆச்சி. அண்ணன் பேச்சு மாற மாட்டாக," என்றார் டீச்சர்.

முதல் ஞாயிறு குன்றக்குடி. ஆட்டோவில் நாச்சியம்மை ஒரு பக்கம், ஜமீன் ஒரு பக்கம், நடுவில் நான். காற்று வருகிற இரண்டு பக்கமும் அவர்களுக்கு. அடிவாரத்தில் பூ விற்கிற அம்மாவே தடுத்துவிட்டது. நாயை எங்குட்டுக் கூட்டிட்டுப் போறீக என்று அது போட்ட போடில் ஜமீன் ஆட்டோவுக்குள்ளேயே திரும்பி ஏறிக்கொண்டார்.

நான் ஜெயித்த களிப்போடு திரும்பினேன். அப்போதுதான் நாச்சியம்மை சொன்னாள், நாயை விட்டுவிட்டு நான் வர முடியாது, வந்ததுதான் வந்தோம், வீட்டுக்கு ஒருத்தராவது சாமி பார்க்காமல் திரும்பக் கூடாது என்று. அவளும் ஜமீனும் மரத்தடியில் உட்கார்ந்து முறுக்கைப் பிரித்தார்கள். நான் மலை ஏறினேன். இறங்கி வந்தபோது முறுக்கு இல்லை.

இரண்டாவது மலை எனக்குப் பயத்தைக் கொடுத்தது. பிரான்மலை போகிற வழியில் ஒரு சின்னக் குன்று. மேலே ஒரு முனியய்யா கோயில். கேட்பார் யாரும் இல்லாவிட்டால் ஜமீன் பாட்டுக்கு ஏறிவிடுவாரே. அதனால் சனிக்கிழமை வங்கி மத்தியானத்தோடு மூடியதும், கணக்கு ஒத்து வரவில்லை என்று வீட்டுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டு, நானே வண்டியை எடுத்துக்கொண்டு முன்கூட்டிப் போனேன். சாமியாடி எங்கே என்று விசாரித்தால் மேலே இருக்கிறார் என்றார்கள். ஏறினேன். நாளைக்கு ஒரு நாய் வரும், விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மலை ஏறி வந்து நாயைப் பற்றி வேண்டிக்கொண்ட முதல் பக்தன் நான்தானாம்.

மறுநாள் அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நாச்சியம்மை மரத்தடியில் உட்கார்ந்தாள். நான் மறுபடியும் ஏறினேன்.

அப்புறம் இதுவே வழக்கமாகிவிட்டது. புதன்கிழமை அவள் மலையின் பெயரைச் சொல்வாள். சனிக்கிழமை சதி செய்ய ஒரு தரம் ஏறுவேன். ஞாயிற்றுக்கிழமை சாமி கும்பிட ஒரு தரம். எங்கள் வங்கிக் கணக்கு எந்தச் சனிக்கிழமையும் ஒத்து வரவில்லை. பெல்ட்டுக்குப் புது ஓட்டை போடவேண்டி வந்தது. சதிகாரன் கவலையில் இளைப்பது இயற்கைதானே என்று விட்டுவிட்டேன்.

என்னை ஆட்டிப் படைத்தது வயிரவர் மலை. மேலே வயிரவர் சந்நிதி. அவருக்கு வாகனமே நாய். இதை நான் யோசிக்காமல் போய் மூச்சு வாங்க நின்றேன். பூசாரி முத்துவீரன் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாயை விடக் கூடாதா? நல்லா இருக்குய்யா. வாகனத்தைக் கீழ நிறுத்திப்புட்டு சாமி நடந்தா வருவாரு? உம்ம பேரு என்ன?"

"வயிரவன்."

அவர் துணியைக் கீழே வைத்தார். "இந்தப் பேரை வச்சுக்கிட்டு வாய் கூசலையா உமக்கு?"

இறங்கிவிட்டேன். பாதி வழியில் ஒரு யோசனை வந்தது. திரும்ப ஏறினேன். அந்த நாய்க்கு மணிச்சத்தம் ஆகாது, மணி அடிக்கிற கையைப் பார்த்தால் பாய்ந்து கவ்விவிடும் என்று சொன்னேன். பூசாரி தன் கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். வாகனம் கீழேயே நிற்கட்டும், அங்கிருந்தே அருள் கிடைக்கும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் அடிவாரத்துக்கே வந்து, கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, பத்தடி தள்ளி நின்று மறுத்தார். ஜமீன் அவருக்கு வாலாட்டினார். உங்கள் பேருச் சாமியாச்சே, கும்பிட்டுவிட்டு வாருங்கள் என்று நாச்சியம்மை என்னை மேலே அனுப்பினாள்.

கெடு முடிகிற சமயம். உள்ளூர் மலைகள் தீர்ந்துவிட்டன. ஹாலில் என் இடத்தில் பாயை எந்தப் பக்கமாக விரிப்பது என்று கற்பனை செய்துகொண்டிருந்தேன். அன்றைக்குப் பார்த்து டீச்சர் வாயைத் திறந்தார். கன்னியாகுமரிப் பக்கம் அவருடைய சொந்த ஊரில் மலை கடலுக்குப் பக்கத்திலேயே நிற்குமாம். ஒற்றையடிப் பாதை. மேலே போனால் ஒரு பக்கம் வயல், மறு பக்கம் கடல். காற்று ஆளைத் தூக்குமாம்.

"கடல் காத்து ஜமீனுக்கு ரொம்ப நல்லது," என்றாள் நாச்சியம்மை. "அடுத்த ஞாயித்துக்கிழமை போவோம். அதுதான் கடைசி மலை."

இது வண்டி போகிற தூரமில்லை. நாகர்கோவில் கிளையில் இரண்டு நாள் பயிற்சி என்று பொய் சொல்லி, பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன். மலையைப் பார்த்தேன். எங்கள் ஊர்க் குன்றுகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுபோல் இருந்தது. மறுக்கச் சொல்ல ஓர் ஆளைத் தேடவேண்டுமே. ஏறினேன். சும்மா சொல்லக் கூடாது, மூச்சு வாங்கவில்லை.

உச்சியில் கோயில் இல்லை. பூசாரி இல்லை. கீழே கடல் மட்டும் விரித்துப் போட்ட நீலப் பாயாகக் கிடந்தது. ஒரு பாறைமேல் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி ஆடுகள். ஆடுகளைச் சுற்றி நாய்கள். ஒன்றல்ல, ஒரு கூட்டம். எல்லாம் காலை நீட்டிப் படுத்திருந்தன.

இங்கே நாயை ஏற விடுவார்களா என்று தெரிந்தே கேட்டேன். விடாமல் என்ன, தடுக்க ஆள் இருந்தால் அந்த ஆளையும் நாய்தான் கூட்டிவர வேண்டும் என்றார் அவர். நான் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக என் வழிக்குக் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியிலிருந்து ஓர் அம்மா ஒரு நாயோடு வருவார்கள். அடிவாரத்தில் நின்று, மேலே சிறுத்தை நடமாட்டம் என்று மட்டும் சொன்னால் போதும்.

அவர் டிரான்சிஸ்டரின் சத்தத்தைக் குறைத்தார். "சொல்லிரலாம் சார். எத்தனை சிறுத்தை?"

"ஒண்ணு போதும்."

இப்படி ஒரு தங்கமான பிள்ளை. நொங்கு வெட்டிக் கொடுத்து வழியனுப்பினார்.

வெற்றி வீரனாக வீடு திரும்பினேன். ஜமீன் மின்விசிறிக்குக் கீழே இருந்தார். இருந்துவிட்டுப் போகட்டும், இன்னும் சில நாள்தானே. ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று பெருந்தன்மையோடு கேட்டேன். நாச்சியம்மை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டு?"

"கடல் மலைக்கு. ஜமீனைக் கூட்டிக்கிட்டு."

"அங்குட்டுச் சிறுத்தை நடமாட்டமாமே."

அவள் நிமிராமலே சொன்னாள். "டீச்சரோட தம்பி செல்வின் போன் பண்ணுச்சு. காரைக்குடி சார் வந்தாக, நல்ல பேச்சு, மூச்சுக்கூட வாங்கலை, எத்தனை சிறுத்தைன்னு அக்காகிட்ட ஒரு தரம் கேட்டுக்கிடுறேன்னுச்சு."

"அப்ப எல்லாமே உனக்கு..."

"எல்லாமேதான். முனியய்யா கோயில்லருந்து. அந்தச் சாமியாடியே என்கிட்டச் சொல்லிட்டாரு." வெங்காயத்தை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "பேங்குல எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாகள்ல. உங்க ரத்தத்துல சர்க்கரை எட்டிப் பாக்குது, இப்பவே நடக்க வச்சாத் தப்பிக்கலாம்னு டாக்டர் என்னையக் கூப்பிட்டுச் சொன்னாரு. நடங்கன்னு சொன்னா நடப்பீகளா? தெருமுனைக்கு வெத்தலை வாங்க வண்டி எடுக்குற ஆளு நீங்க. நாயைத் துரத்தணும்னா மட்டும் நடக்குறீக. வாரத்துக்கு ரெண்டு மலை. போன வாரம் மறுபடி ரத்தம் எடுத்தாகள்ல, நேத்து அந்த ரிசல்ட் வந்துருச்சு, சர்க்கரை இறங்கிருச்சு."

"கால்நடை டாக்டர்?"

"அவரு வீடே எனக்குத் தெரியாது. ஜமீனுக்கு என்ன கேடு?"

தோற்றவனுக்கும் ஒரு பிடி வேண்டும். பந்தயம் பந்தயம்தான் என்றேன். எந்த மலையும் நாயை ஏற விடவில்லை, கெடுவும் முடியப்போகிறது, ஜமீன் கோட்டையூருக்குப் போகவேண்டும் என்று குரலை உயர்த்தினேன்.

"செல்வின் மலையில நாய் இருந்துச்சா இல்லையா?"

நாய்க் கூட்டத்தையே பார்த்துவிட்டு வந்தவன் நான். அந்த மலைக்கு என்னைவிட நல்ல சாட்சி கிடையாது.

"அப்ப ஆயுசு பூரா ஞாயித்துக்கிழமை," என்றாள்.

சரி, ஜமீனாவது கூட வரட்டும் என்று கெஞ்சினேன். அதுக்கு மலை ஒத்துக்கிடாது என்றாள். பந்தயத்தில் கையெழுத்தே போடாத ஒருவர் ஜெயிக்கலாமா என்று சத்தம் போட்டேன்.

"வர்ற வாரம் எந்த மலைன்னு புதன்கெழமை சொல்றேன். இப்பச் சத்தம் போடாதீக, அது தூங்குது."