பொலோனியா ஸ்டேசனில் துக்கம் விசாரித்தேன்

"எனக்குத் தெரியாது" என்று சொல்ல எனக்கு வராது. மூலைக் கடை டெப்பனரில் பால் வாங்கப் போன இடத்தில் யாராவது பிரெஞ்சில் வழி கேட்டால்கூட, ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டிவிட்டுத்தான் வருவேன். (அவர்கள் போய்ச் சேர்ந்தார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.) பள்ளிக்கூடத்தில் நான் அதிக காலம் இருந்தவள் அல்ல. ஆனால் மொன்றியலுக்கு வந்து, தையல் தொழிற்சாலையில் மெசினோடு மெசினாகக் கிடந்து, வில்லரேயில் ஒரு வீடும் வாங்கி, ஒரே பிள்ளையை எஞ்சினியராக்கியவள். அப்படிப்பட்ட எனக்கு ஒரு ரயில் பயணத்தை ஒழுங்குபண்ணத் தெரியாதா என்ற எண்ணம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

எங்களுக்குக் கல்யாணம் ஆகி ஐம்பது வருசம் நிறைந்தபோது மகள் ஷாமினி கப்பல் பயணம் ஒன்று ஏற்பாடு செய்தாள். ரோமுக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் ஏறினால் ஒரு கிழமைக்குக் கடலில் சுற்றிக் காட்டுவார்களாம். அவளுக்கும் மருமகனுக்கும் நிறைய லீவு கிடைக்கவில்லை. ஆகவே அவர்கள் நேரே துறைமுகத்துக்கு வருவது, நானும் இவரும் ஒரு கிழமை முந்திப் போய் இத்தாலியை ரயிலில் பார்த்துக்கொண்டு வருவது என்று முடிவானது.

கர்க்லாண்டில் அவளுடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லாப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு திட்டத்தை வாசித்தாள். முதலில் புளோரன்ஸ், பேந்து வெனிஸ், அங்கிருந்து பதுவா, கடைசியாக ரோம். கப்பல் புதன்கிழமை பின்னேரம். செவ்வாய்க்கிழமையே ரோமுக்குப் போய் ஓட்டலில் படுத்து எழும்ப வேண்டும். நல்ல திட்டம்தான். ஆனால் என்னைக் கேளாமல் போட்ட திட்டம்.

"பதுவாவுக்கு எண்டைக்குப் போறம்?" என்று கேட்டேன்.

"ஞாயிறும் திங்களும், அம்மா."

"திங்கக்கிழமை ஆரும் அந்தோனியாரிட்டைப் போறதே?"

கத்தோலிக்க வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது பாருங்கள். அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமை. ஊரிலும் செவ்வாய், இங்கே மொன்றியலிலும் செவ்வாய். அவருடைய கல்லறை இருக்கிற கோயிலுக்கே போய்விட்டுச் செவ்வாய்க்கிழமை நிற்காமல் வந்தால் அந்தோனியார் என்ன நினைப்பார்?

"அம்மா, அங்க ஒவ்வொரு நாளும் பூசை இருக்கு."

"பூசை இருக்கும். செவ்வாய்க்கிழமை இருக்காது."

ஷாமினி தகப்பனைப் பார்த்தாள். இவர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் நீதிமன்றம் கூடுகிற நேரங்களில் இவருக்கு எப்போதும் வாழைப்பழம் உரிக்கிற வேலை இருக்கும்.

ஆகவே செவ்வாய்க்கிழமை பதுவாவில். புதன் விடிய அங்கிருந்து ரயில் எடுத்து, ரோமில் மாறி, துறைமுகத்துக்குப் போய்க் கப்பலைப் பிடிப்பது. ஷாமினி கணக்குப் பார்த்துவிட்டு, "நேரம் காணும். ஆனா எங்கயும் மினக்கெடக் கூடாது" என்றாள். நான் அதற்குத் தலையாட்டிக்கொண்டே அடுத்ததைத் தொடங்கினேன்.

"அந்த ரயில் பொலோனியாவால போகுமோ?"

"ஓம். ஏன்?"

"ரெஜினா அங்கதானே இருக்கிறாள்."

ரெஜினா என்னுடைய மாமியின் மகள், என் மச்சாள். நான் கனடாவுக்கு வந்த காலத்தில் அவள் இத்தாலிக்குப் போனவள். அங்கே ஒரு வயதான அம்மாவைப் பராமரிக்கிற வேலை. அதன் பிறகு நாங்கள் போனில் கதைத்ததுதான், முகம் பார்த்ததில்லை. அவள் இருக்கிற ஊரால் ரயிலில் போய்விட்டு அவளைக் காணாமல் வந்தால், மொன்றியலில் இருந்து மன்னார் மட்டும் சனம் என்னைப் பற்றிக் கதைக்கும்.

நான் யோசித்து வைத்திருந்த முறை இதுதான். நாங்கள் இறங்கத் தேவையில்லை. ரயில் நிற்கிற நேரம் ரெஜினா ஸ்டேசனுக்கு வந்து சாப்பாட்டுப் பொதியைத் தருவாள். நான் கொண்டுபோகிற மிளகாய்த்தூளைக் கொடுப்பேன். ஊரில் கொழும்பு ரயிலில் போனால் வழியில் இருக்கிற சொந்தக்காரர் அப்படித்தானே வருவார்கள்? யன்னலால் சோற்றுப் பொதி உள்ளே வரும், யன்னலால் பலகாரம் வெளியே போகும், இரண்டு குடும்பத்துப் புதினமும் கதைத்து முடிந்த பிறகுதான் ரயில் வெளிக்கிடும்.

"அம்மா, இது வேற ரயில். யன்னல் திறக்கேலாது. ரெண்டு மூண்டு நிமிசம்தான் நிக்கும்."

"கதவு திறக்கும்தானே?"

இந்த இடத்தில் எனக்கு ஒரு சாட்சியும் இருந்தது. எங்கள் பக்கத்து வீட்டு மதாம் லூச்சியா இத்தாலிக்காரி. வேலியோரம் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றவவிடம் விசயத்தைச் சொன்னேன். இத்தாலி ரயில் ஒருநாளும் நேரத்துக்கு வெளிக்கிடாது, கார்ட் இறங்கிக் கோப்பி குடித்து முடியும் மட்டும் நிற்கும் என்று கையை ஆட்டிச் சொன்னா. அவ இத்தாலியை விட்டு வரும்போது ரயில் கரியில் ஓடியது என்பதை அவவும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பதுவா வரைக்கும் எல்லாம் சுகம். செவ்வாய்க்கிழமை அந்தோனியாரின் கல்லறையைத் தொட்டுக் கும்பிட்டேன். "பாத்தீங்களோ, என்ர திட்டம்" என்று இவருக்குச் சொல்லிச் சொல்லியே அன்றைக்குப் பொழுதுபட்டது. பாவம், மனுசன் எல்லாவற்றுக்கும் "ஓமப்பா" என்றார்.

புதன் காலை ரயில் சொன்ன நேரத்துக்கு வந்தது, சொன்ன நேரத்துக்கு வெளிக்கிட்டது. அப்போதே எனக்கு லேசாக ஒரு மாதிரித்தான் இருந்தது. பொலோனியா வருகுது என்றதும் மிளகாய்த்தூள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றேன். கைப்பையை இவருடைய மடியில் வைத்துவிட்டுப் போனேன். பாஸ்போர்ட், டிக்கற், எங்கள் இரண்டு பேருக்கும் இருக்கிற ஒரே போன் எல்லாம் அதற்குள்.

கதவு திறந்தது. ரெஜினாவைக் காணவில்லை. எட்டிப் பார்த்தால், ரயிலின் மற்றத் தலைப்பில் ஒரு பெண் இரண்டு கையிலும் பையோடு பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு ஓடி வருகிறாள். தலை நரைத்திருந்தது. ஆனால் அந்த ஓட்டம் மாமியின் ஓட்டம்.

"ரெஜினா! இஞ்சை, இஞ்சை!" என்று கத்திக்கொண்டு ஒரு காலைக் கீழே வைத்தேன். ஒரு காலை வைத்தவள் மற்றக் காலை என்ன செய்வது?

அவள் மூச்சு வாங்க வந்து, பையை நீட்டினாள். "இந்தா மச்சாள், புட்டும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும். ஏறு, ஏறு, ரயில் வெளிக்கிடப்போகுது."

அவள் சொன்னாள். அவள்மேல் ஒரு பிழையும் இல்லை.

ஆனால் மாமி செத்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. மாமி செத்த பிறகு ரெஜினாவை முகத்துக்கு முகம் நான் பார்க்கிறது அதுதான் முதல் தடவை. தாயை இழந்தவளைக் கண்டவுடனே கட்டிப்பிடித்து அழுது துக்கம் விசாரிக்காமல், கையை நீட்டிக் குழம்பை வாங்கிக்கொண்டு ஏறுகிறதா? நான் அப்படி வளர்ந்தவள் இல்லை.

கட்டிப்பிடித்தேன். "ஐயோ என்ர ராசாத்தி, மாமியைக் கடைசியா ஒருக்காக்கூடப் பாக்கேல்லையே!" என்று தொடங்கினேன். தொடங்கினால் ஒரு முறை இருக்கிறது, நடுவில் நிறுத்த முடியாது. அவளும் பையைக் கீழே வைத்துவிட்டு, "உன்னைத்தானடி மச்சாள் கடைசி மட்டும் கேட்டவ!" என்று சேர்ந்துகொண்டாள். இரண்டு பேரும் நல்ல குரல்வளம் உள்ளவர்கள். அந்த ஸ்டேசன் நிலத்துக்குக் கீழே இருக்கிறது, எதிரொலியும் நல்லது. சனம் ஒதுங்கி வழி விட்டது. ஒரு இத்தாலிக்காரர் தொப்பியையே கழற்றினார்.

கதவு மூடிய சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. ரெஜினாவின் தோளுக்கு மேலால் பார்த்தால் ரயில் அசைகிறது. கண்ணாடிக்குள் இவர். என்னுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு கையைக் காட்டிக்கொண்டு போகிறார். ரெஜினாவுக்கும் காட்டினார், எனக்கும் சேர்த்துக் காட்டினார்.

"மச்சாள்," என்றாள் ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத்தான் போறார்."

நான் ஒரு ஸ்டேசன்காரரைப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த இத்தாலிப் பாசை முழுவதும் மதாம் லூச்சியா புருசனோடும் தக்காளியோடும் கதைக்கிற இத்தாலி. அதை வைத்து அவரிடம் என்ன சொன்னேனோ தெரியாது, மனுசனுக்கு முகம் சிவந்துவிட்டது. ரெஜினா என்னை இழுத்துப் பின்னால் விட்டுவிட்டுத் தானே கதைத்தாள். அடுத்த ரயில் இருக்கிறதாம். ஆனால் உடனே இல்லையாம்.

ரெஜினாவின் போனில் என் போனுக்கு எடுத்தோம். அடிக்கிறது, அடிக்கிறது, ஒருவரும் எடுக்கவில்லை.

"அத்தானுக்கு ஏதும் நடந்திட்டுதோ?"

"ஒண்டும் நடந்திராது. போன் என்ர பைக்குள்ள. பையை அவர் திறக்க மாட்டார்."

ஐம்பது வருசத்தில் ஒருநாள் திறந்ததில்லை. காசு தேவையென்றாலும் பையைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு நிற்பார். அதைப் பெருமையாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான்தான்.

பிளாட்போமில் கிடந்த ஒரு வாங்கில் குந்தினேன். கப்பல் போய்விடப்போகிறது, பிள்ளை ஆசையாகச் செய்த காரியம் என்னால் கெடப்போகிறது என்று நினைக்க, இந்த முறை உண்மையாகவே அழுகை வந்தது. ரெஜினா பொதியை அவிழ்த்தாள்.

"அழுறதெண்டாலும் சாப்பிட்டிட்டு அழு மச்சாள்."

சாப்பிட்டேன். அந்தக் குழம்புக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது.

ரெஜினா டிக்கற் எடுத்து, அடுத்த ரயிலில் என்னைத் தானே கொண்டுபோய் இருத்தி, மிச்சச் சாப்பாட்டையும் மடியில் வைத்துவிட்டு இறங்கினாள். ரோமில் இறங்கினால், பிளாட்போம் முடிகிற இடத்தில் இரண்டு சூட்கேசுக்கும் நடுவில் இவர் குந்தியிருக்கிறார். மடியில் என் பை. பைக்குள் போன் அடித்துக்கொண்டிருக்கிறது.

"எங்கையப்பா போனனீர்? மற்றப் பெட்டியில ஆரோடையோ கதைச்சுக்கொண்டிருக்கிறீராக்கும் எண்டு நினைச்சன்."

"போன் அடிக்குதெல்லே! எடுத்திருக்கலாமே?"

"அது உம்மட பை."

நான் எடுத்தேன். மறுபக்கம் ஷாமினி துறைமுகத்தில் நின்று குளறுகிறாள். "அம்மா, வாசலைப் பூட்டப்போறாங்கள்! எங்க நிக்கிறீங்கள்?"

"ரோமில."

அதன் பிறகு அவள் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். அதைத் தமிழில் எழுத எனக்குத் தெரியாது. (தெரிந்தாலும் எழுதமாட்டேன்.) தாங்களும் ஏறவில்லை என்று நின்றாள். அப்போதுதான் இவர் போனைக் கையில் வாங்கினார்.

"பிள்ளை, நீங்கள் ஏறுங்கோ. கப்பல் நாளைக்கு நேப்பிள்ஸில நிக்கும், அந்தப் புத்தகத்தில கிடக்குது. கப்பல்காரரிட்டைச் சொல்லி வையுங்கோ. நாங்கள் ரயிலில வந்து அங்க ஏறுறம்."

கப்பல்காரர் தந்த அந்தப் படப்புத்தகத்தை இவர் முதலிலிருந்து கடைசி வரை வாசித்திருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வாழைப்பழம் உரிக்கிற நேரங்களில் வாசித்திருக்க வேண்டும்.

மறுநாள் நேப்பிள்ஸுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஏன் சுருக்கமாகச் சொல்கிறேன் என்றால், அந்தப் பயணத்தில் ஒரு இடத்திலும் நான் வாய் திறக்கவில்லை. டிக்கற் எடுத்ததும் இவர், பெட்டி தேடியதும் இவர்.

கப்பலில் ஏறினோம். ஷாமினி என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு இரண்டு நாளைக்குக் கதைக்கவில்லை. மருமகன் நல்ல பிள்ளை, "மாமி, விடுங்கோ, ஆறிடும்" என்றான். ஆனால் கப்பலில் எனக்கு ஒன்று விளங்கவில்லை. போகிற இடமெல்லாம் முன்பின் தெரியாத வெள்ளைக்காரக் கிழவன் கிழவியெல்லாம் ஷாமினியையும் மருமகனையும் கண்டு கைதட்டினார்கள். ஒரு கிழவி ஷாமினியின் கன்னத்தைத் தடவிப் பார்த்து, முகத்துக்கு என்ன பூசுகிறாய் என்று கேட்டாவாம்.

பிறகுதான் மருமகன் சொன்னான். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு எங்களுக்குத் தெரியாமல் ஒரு கேக் ஒழுங்குபண்ணி வைத்திருந்தார்களாம். கப்பல்காரர் விளக்கை அணைத்து, பாட்டுப் பாடிக்கொண்டு, ஐம்பது என்று பொன்னிறத்தில் எழுதிய கேக்கோடு மேசைக்கு வந்தார்களாம். மேசையில் ஒரு பெண்ணும் ஆணும் இருந்தார்கள். அவர்களுக்கு அது காணும். விளக்கம் சொல்ல விடாமல் இரண்டு பேரின் தலையிலும் பொன்கடதாசிக் கிரீடத்தை வைத்து, கத்தியைக் கையில் கொடுத்து, படமும் எடுத்துவிட்டார்கள்.

அந்தப் படத்தை நான் பெரிதாக்கி, சட்டம் போட்டு, வில்லரேயில் எங்கள் முன்னறையில் மாட்டியிருக்கிறேன். மருமகன் கிரீடத்தோடு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். ஷாமினி கத்தியைப் பிடித்திருக்கிற விதத்தைப் பார்த்தால், அந்த நேரம் நான் பக்கத்தில் இல்லாதது நல்லதுக்குத்தான். வரும்போதெல்லாம் அவள் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவாள். அவளுடைய கார் மூலையில் திரும்பியதும் நான் நேராக்கிவிடுவேன்.

புதிதாக யாராவது வீட்டுக்கு வந்து, இது என்ன கொண்டாட்டம் என்று கேட்டால், பதில் சொல்கிற பொறுப்பு இவருடையது. நல்ல அமைதியாகச் சொல்லுவார்.

"இது எங்கட பொன்விழா. எங்களுக்குத்தான் வரக் கிடைக்கேல்லை."