கைக்கு மட்டுமில்லை, வயிற்றுக்கும்

உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: என் உடம்பில் தசை இருப்பதாக நம்பிய ஒரே ஆள் நான்தான். ஒல்லி என்று சொல்லி இரண்டு பெண் வீட்டார் என்னை வேண்டாமென்றிருந்தார்கள். மூன்றாவதாக வந்த ஜாதகம் வித்யாவுடையது. போட்டோவைப் பார்த்ததுமே, இந்தப் பெண்ணும் வேண்டாமென்று சொல்லிவிடக் கூடாதே என்று பயம் வந்துவிட்டது.

அப்போது நான் திருச்சியிலிருந்து ஹைதராபாத்துக்கு வேலைக்கு வந்து மூன்றே மாதம். நாச்சாரத்தில் என் அறையில் எடை தூக்க இடமில்லை (இருந்திருந்தாலும் தூக்கியிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்). கைபேசியில் ஒரு வீடியோ கிடைத்தது. எடையே வேண்டாமாம், ஒவ்வொரு தசையாக இறுக்கி, பத்து எண்ணி, தளர்த்தினால் பலம் வந்துவிடுமாம். மூச்சை மட்டும் அடக்கக் கூடாது என்றார் அதில் வந்தவர். எனக்கோ அடக்கினால்தான் ஏதோ நடப்பது போலிருந்தது. பஸ்ஸிலும் ஆபீஸிலுமாக ஆறு வாரம் இறுக்கினேன்.

பெண் பார்க்கும் நாளில், போலாரத்தில் அவர்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டேன். புஜம் தெரியட்டும் என்று கையை, மார்பு அகலமாகத் தெரியட்டும் என்று வயிற்றை. வித்யா காபித் தட்டோடு வந்தபோது இரண்டையும் சேர்த்து. முகம் சிவந்து வியர்வை வழிந்தது.

வித்யா பிறந்து வளர்ந்ததெல்லாம் ஹைதராபாத்தில்தான். என்னைப் பார்த்து இரக்கத்தோடு கேட்டாள்: "கைக்கு இவ்ளோ டென்ஷன்?"

அடடா, கவனித்துவிட்டாள்! (அந்த ஊர்ப் பேச்சில் 'கைக்கு' என்றால் 'எதற்கு' என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.)

"கைக்கு மட்டுமில்லீங்க, வயித்துக்கும்தான். காலையிலேர்ந்து கண்ட்ரோல் பண்ணிட்டிருக்கேன்" என்றேன் பெருமையாக.

வித்யாவின் அப்பா ஜீடிமெட்லாவில் மருந்து கம்பெனியில் வேலை பார்ப்பவர். சட்டென்று எழுந்து என் முழங்கையைப் பிடித்தார். "இதுல என்ன தம்பி கூச்சம்? வந்தவுடனே சொல்லியிருக்கலாமே!"

"இல்ல சார், அது வந்து..."

"பேசாதீங்க. பேசினா கண்ட்ரோல் போயிடும்."

பாத்ரூமுக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினார். உடனே வெளியே வந்தால் என்ன நினைப்பார்கள், வராவிட்டால் என்ன நினைப்பார்கள் என்ற குழப்பத்தில் கால் மணி நேரம் உள்ளேயே நின்றேன். வெளியே என் அம்மா, "காலையில ரெண்டு இட்லிதாங்க சாப்பிட்டான்" என்று யாரிடமோ மன்றாடிக்கொண்டிருந்தாள். வெட்கத்தில் செத்தே போனேன்.

திரும்பி வந்தால் எனக்கு வைத்திருந்த கேசரியைக் காணோம். அந்த இடத்தில் உப்புச் சர்க்கரைக் கரைசல் ஒரு டம்ளர், இரண்டு மாத்திரை. இனி மறைத்துப் பயனில்லை என்று முழுக்கதையையும் சொன்னேன். வித்யாவின் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்தார். "எங்க, காட்டுங்க." சட்டைக் கையை மடித்து உயிரைக் கொடுத்து இறுக்கினேன். நெடுநேரம் தேடிவிட்டு, "அந்தக் கரைசலைக் குடிச்சிடுங்க தம்பி, தெம்பா இருக்கும்" என்றார்.

வித்யாவுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. அவள் அம்மா, "என்னடி, பிடிச்சிருக்கா?" என்று கேட்டதற்கு, கண்ணைத் துடைத்துக்கொண்டே "ஹவ்" என்றாள். அப்படியென்றால் 'ஆமாம்' என்று அவள் அம்மாவே எனக்குச் சொல்லிவிட்டார். நல்லவேளை, நான் எதுவும் பதில் சொல்லி வைக்கவில்லை.

கல்யாணமாகி ஏழு வருடமாகிறது. குடும்பத்தோடு எங்கே போனாலும் ரயில் டிக்கெட் எடுப்பவர் மாமனார்தான். எனக்கு மட்டும் எப்போதும் கழிவறைக் கதவை ஒட்டிய படுக்கை. யாராவது இரக்கப்பட்டு இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று எழுந்தால், வித்யா முந்திக்கொள்கிறாள்: "நக்கோ அங்கிள், வேண்டாம்! அவருக்கு அந்த சீட்டுதான் தோது."